இடது காலை எடுத்து வைத்து

உ
சிவமயம்

கானாடுகாத்தான்

அன்புள்ள உமையாளுக்கு ஆத்தா எழுதுவது.

இங்கே எல்லாரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? போனில் பேச ஆரம்பித்தால் நீ அழுகிறாய், உன்னைத் தேற்றுவதிலேயே நேரம் போய்விடுகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

இடுப்பு மூட்டை மாற்றிய ஆபரேஷன் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்து, கெட்டுப்போன எலும்பை எடுத்துவிட்டு டைட்டானியத் தண்டும் அதன் தலையில் செராமிக் பந்தும் வைத்திருக்கிறார்கள். பந்து சுழலும் கிண்ணத்துக்குள் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். மறுநாளே வாக்கரைக் கையில் கொடுத்து நிற்க வைத்துவிட்டார்கள். எடுத்த எலும்பை அப்பச்சியிடம் காட்டினார்களாம். வழவழவென்று இருக்க வேண்டிய உருண்டை ஒரு பக்கம் அமுங்கி, மேலே இருந்த குருத்தெலும்பு காரை பெயர்ந்த மாதிரி தனியே தூக்கிக்கொண்டு நின்றதாம். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்ததுதான் கூத்து. முகப்பில் கீழவீட்டு ஆச்சி ஆலாத்தித் தட்டோடு நிற்கிறார். "வலது காலை எடுத்து வச்சு வா தாயி" என்கிறார். பிசியோதெரபிப் பெண்ணோ, படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில் என்று மனப்பாடம் பண்ண வைத்து அனுப்பியிருக்கிறாள். எனக்கு ஆபரேஷன் ஆனதோ வலது பக்கம். இடது காலை எடுத்து வைத்தேன். ஆச்சி முகம் சுண்டிப்போயிற்று. அப்பச்சி விடுவாரா? "அது இனிமே கம்பெனிக் கால் ஆச்சி, சாஸ்திரம் செல்லாது" என்றார். ஒவ்வொரு நிலைக்கும் முழ உயரத்துக்குப் படி வைத்துக் கட்டிய நம் முன்னோரை வளவு போய்ச் சேருவதற்குள் நன்றாகத் திட்டிவிட்டேன். சம்மணம் போடக் கூடாது, குனியக் கூடாது, அரிவாள்மனை பக்கமே போகக் கூடாது. தூங்கும்போது இரண்டு தொடைக்கும் நடுவே தலையணை. போகட்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். "நான்தானே ஆத்தா ஸ்டீராய்டு போடச் சொன்னேன்" என்று எத்தனை தடவை சொல்வாய்? 2021 வைகாசியில் நான் கொரோனாவில் படுத்தபோது நீ அனுப்பிய செய்தி அப்பச்சி போனில் இன்னும் இருக்கிறது. டெக்ஸாமெத்தசோன், நாளுக்கு 6 மில்லிகிராம், பத்து நாளுக்கு மேல் வேண்டாம் என்றுதான் எழுதியிருக்கிறாய். இங்கிலாந்தில் கொரோனா மருந்துகளைச் சோதித்துப் பார்த்த ரெகவரி ஆய்வில் 2020 ஜூனில் வந்த முடிவு அது என்று நீதானே சொன்னாய்? வென்டிலேட்டரில் கிடந்தவர்களில் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஆக்ஸிஜன் வைத்தவர்களில் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு ஒரு பலனும் இல்லை. எனக்கு ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் நீ சொன்னதில் என்ன பிழை? அந்த ஆஸ்பத்திரியில் போட்டது வேறு ஸ்டீராய்டு, அளவும் கூட, வீட்டுக்கு வந்த பிறகும் மாத்திரை ஓடியது. அவர்களைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. தாழ்வாரத்திலெல்லாம் ஆள் படுத்துக் கிடந்த நேரம் அது.

தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போகும் குழாய்கள் மிகச் சின்னவை என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். ஸ்டீராய்டு கூடினால் கொழுப்பு சேர்ந்து அந்த வழி அடைபடுமாம். ரத்தம் இல்லாமல் எலும்பு செத்து, நம் பாரம் தாங்காமல் அமுங்கிவிடும். இதற்கு அவஸ்குலர் நெக்ரோசிஸ் என்று பெயர், ஆஸ்பத்திரிக்காரர்கள் சுருக்கி ஏ.வி.என். என்பார்கள். 2003இல் சார்ஸ் வந்து பிழைத்தவர்கள் பலருக்கு இதே இடுப்பு போயிருக்கிறது. 2021இல் மும்பை டாக்டர்களும் கொரோனாவுக்குப் பிறகு இப்படி வந்த நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களைப் பற்றி எழுதினார்கள். சார்ஸிலேயே தெரிந்த சங்கதி நம் ஊர் வரைக்கும் வந்து சேரவில்லை, அதுதான் என் ஆதங்கம். எனக்கு வலித்தது கவட்டையிலும் முழங்காலிலும். முழங்காலை எக்ஸ்ரே எடுத்து, தேய்மானம் என்று சொல்லி, தைலம் தடவச் சொன்னார்கள். இடுப்பு வலி முழங்காலில் போய்த் தெரியும் என்று ஒருத்தர் யோசித்து எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால் எலும்பில் ஓட்டை போட்டு உள்ளே அழுத்தம் குறைத்தே பந்தைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாதாமே.

உன்னிடம் கேட்பது இதுதான். நீங்கள் ஆராய்ச்சிக்காரர்கள் வைரஸ் உடம்பை விட்டுப் போனதும் "குணமடைந்தார்" என்று எழுதிவிடுகிறீர்கள். பற்றை எழுதாமல் வரவை மட்டும் எழுதிப் பேரேட்டை மூடினால் உங்கள் ஐயா கணக்கப்பிள்ளையைச் சும்மா விட்டிருப்பாரா? மலேசியாவில் 1998-99இல் நிபா வைரஸ் வந்து பிழைத்தவர்களில் சிலருக்கு மாதங்கள், வருஷங்கள் கழித்து மூளைக்காய்ச்சல் திரும்பியது என்று நீயே சொல்லியிருக்கிறாய். பிழைத்தவர்களை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து பார்க்கும் வேலைக்கு ஆள் குறைவு என்றும் சொன்னாய். அழுகிற நேரத்தில் அதைச் செய். என் எம்.ஆர்.ஐ. படமெல்லாம் பெட்டியில் இருக்கிறது, வேண்டுமானால் அனுப்புகிறேன்.

படுத்திருந்தபோது ஒன்று படித்தேன், அப்பச்சிக்கும் வாசித்துக் காட்டினேன். மண்டலேயில் சான் பா என்று ஒரு பர்மிய டாக்டர், 1960இல் தொடங்கி, இடுப்பெலும்பு முறிந்தவர்களுக்கு யானைத் தந்தத்தில் பந்து செதுக்கி வைத்திருக்கிறார், முந்நூறு பேருக்கும் மேல். குந்தி உட்காருவார்களாம், சைக்கிள் ஓட்டுவார்களாம்! உங்கள் ஐயா கொண்டுவிக்க, அதுதான் வியாபாரம் பண்ண, மண்டலேக்குப் போன காலத்துக்குப் பிந்திய கதை. பர்மாத் தேக்கைக் கொண்டுவந்து தூணாக நிறுத்தியவர்கள் தந்தத்தில் ஒரு இடுப்பும் கொண்டுவந்திருக்கலாம் என்கிறார் அப்பச்சி.

பங்காளி வீடு பூட்டியே கிடப்பதால் மச்சு முழுக்க வௌவால். கொரோனாவுக்குப் பிறகு ஊரில் அதைப் பார்த்தாலே பயம். புகை போட்டு விரட்டப் பார்த்தார்கள். இது பூச்சி தின்னும் ஜாதி, நிபாவைச் சுமப்பது பெரிய பழந்தின்னி, அதையும் விரட்டாமல் விட்டாலே நமக்கு நல்லது என்று நீ சொன்னதை நான் சொல்லித் தடுத்தேன். கொய்யாவில் பல் பட்டதைப் பொறுக்கித் தின்னக் கூடாது என்று பிள்ளைகளுக்கும் சொல்லியாயிற்று. பாதிப் பேர்தான் நம்பினார்கள்.

பிள்ளையார் நோன்புக்கு நீ வர வேண்டாம். டிக்கெட் விலையைப் பார்த்தேன். டாக்டர் விமானம் ஏறலாம் என்று சொன்னதும் நானும் அப்பச்சியுமே அங்கே வருகிறோம். உன் வீட்டு நாற்காலி, கட்டில், கக்கூஸ் மூன்றின் உயரத்தையும் அளந்து எழுது. உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலைவிட உயரத்தில் இருக்க வேண்டும். சோபா ஆகாது. மாப்பிள்ளைக்குச் சீடைக்காய் எவ்வளவு வேண்டும் என்று கேட்டுச் சொல்.

ஆத்தா