மொச்சை இல்லை, பிராட் பீன்ஸ்

அன்பு மகளுக்கு,

மொச்சை என்று நீ வாங்கிச் சமைத்த பயறு சரியாக வரவில்லை என்று எழுதி அனுப்பின படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது மொச்சை இல்லை அம்மாடி. மொச்சைக்குப் பக்கவாட்டில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு புடைத்து நிற்கும். உன் பொட்டலத்தில் இருப்பதற்கு ஒரு முனையில் மட்டும் புருவம் தீட்டினது மாதிரி கறுப்புக் கோடு இருக்கிறது பார். அது காய்ந்த பிராட் பீன்ஸ்; ஃபாவா பீன்ஸ் என்றும் சொல்வார்கள். மொச்சையையும் சில பேர் பிராட் பீன்ஸ் என்றே எழுதிவிடுவதால் வருகிற குழப்பம் இது. மொச்சைக்குச் செய்கிற மாதிரியே ஊறவைத்து நாலு விசில் விட்டிருக்கிறாய். அதனால்தான் தோல் ரப்பராகவும் உள்ளே மாவாகவும் வந்திருக்கிறது. கோளாறு உன் கையில் இல்லை, தோலில்.

மறுபடி அடுப்பேற்றும் முன் ஒன்று கேட்டுக்கொள். உன்னோடு சாப்பிடுகிறவர்களில் யாருக்காவது ஜி6பிடி குறைபாடு உண்டா? ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கிற ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது அது. இந்தப் பயறில் விசின், கான்விசின் என்று இரண்டு பொருள்கள் இருக்கின்றன. அந்தக் குறைபாடு உள்ளவர்களின் சிவப்பணுக்களை அவை உடைத்துவிடும். ஊறவைத்து வேகவைத்தால் சரியாகிவிடும் என்று நம்பாதே; அவர்களுக்கு ஒரு வாய்கூட வேண்டாம். சாப்பிட்ட ஓரிரு நாளில் சிறுநீர் கறுத்து, கண் மஞ்சளித்து, உடம்பு தளர்ந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மன அழுத்தத்துக்கு எம்ஏஓஐ வகை மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. மற்றவர்களுக்குப் பொதுவாகப் பயமில்லை.

இனி சமையல். நாலு பேருக்கு 250 கிராம் போதும், ஊறினால் எடை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். தட்டில் பரப்பிக் கல், சுருங்கினது, வட்ட ஓட்டை விழுந்தது எல்லாவற்றையும் பொறுக்கு. ஓட்டை என்றால் வண்டு குடியிருந்த வீடு. நிறத்தையும் பார்த்துக்கொள். வெளிர்பழுப்பும் இளம்பச்சையுமாக இருந்தால் புதிது. கருங்காவியாக இருந்தால் பழசு; சூட்டிலும் ஈரப்பதத்திலும் நாள்பட்டுக் கிடந்திருக்கும். அப்படிப்பட்டதை எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் சில பயறு மணிகள் நறுக்கென்றுதான் நிற்கும். அதற்காக உன்னை நொந்துகொள்ளாதே, அடுத்த முறை வேறு பொட்டலம் வாங்கு.

250 கிராமுக்கு 1 லிட்டர் தண்ணீர், 1 மேசைக்கரண்டி உப்பு. ஊறப்போடும்போது உப்புச் சேர்த்தால் பயறு வேகாது என்பது வெறும் பேச்சு. உப்பு உண்மையில் தோலை இளக்கும்: தோலை இறுக்கிப் பிடித்திருக்கிற கால்சியத்தின் இடத்தில் சோடியம் போய் உட்காரும். உன் ஊர்த் தண்ணீர் உப்புத் தண்ணீராக, கெட்டிலில் வெள்ளையாகப் படிவதாக இருந்தால் ¼ தேக்கரண்டி சமையல் சோடாவும் போடு. அதற்கு மேல் வேண்டாம். சோடா அதிகமானால் சோப்பு வாடை வரும், பருப்பு கூழாகும், தயமின் என்கிற பி1 வைட்டமின் சத்தும் போகும்.

குறைந்தது 12 மணி நேரம், தோல் கெட்டியாக இருந்தால் 24 மணி நேரம். நடுவில் ஒரு தரம் தண்ணீரை மாற்று. வெயில் காலமாக இருந்தால் ஃபிரிஜ்ஜில் வை, வெளியே வைத்தால் நுரை கட்டிப் புளித்துவிடும். ஊறிவிட்டதா என்று கடிகாரத்தைப் பார்க்காதே, ஒரு மணியைப் பிளந்து பார். இரண்டு பருப்பும் ஒட்டியிருந்த உள்முகம் குழிந்து, நடுவில் வெளுப்பாக இருந்தால் இன்னும் தண்ணீர் இறங்கவில்லை. முகம் தட்டையாக, ஒரே நிறமாக இருந்தால் ஆயிற்று. அவசரமென்றால் 3 நிமிஷம் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து மூடி, 1 மணி நேரம் வை. முழு ஊறலுக்கு ஈடாகாது, ஆனால் தோல் நன்றாகக் கழன்று வரும். எப்படி ஊறினாலும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடு. கசப்பும், வயிற்றில் வாயு சேர்க்கிறதில் ஒரு பங்கும் அதோடு போகும்.

அடுத்து பிதுக்குகிற வேலை. சின்ன வகை என்றால் தோலோடு சாப்பிடலாம். உன்னிடம் இருப்பது கட்டைவிரல் நகம் அளவு. அதைப் பிதுக்காமல் நன்றாகச் சாப்பிட வழியே இல்லை என்பது என் கட்சி. கறுப்புப் புருவம் இருக்கிற முனையில்தான் தோல் தடிப்பு, அங்கே நகத்தாலோ கத்தி முனையாலோ ஒரு கீறல் போடு. எதிர்முனையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்து. பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். கையை அகலப் பாத்திரத்துக்குள்ளேயே வைத்துக்கொள், இல்லாவிட்டால் தெறித்து ஓடினதை அடுப்படி முழுக்கத் தேடவேண்டும். பிதுக்கினதைத் தண்ணீரிலேயே போடு. தோல் வராமல் அடம்பிடித்தால் ஊறல் போதவில்லை என்று அர்த்தம், பிய்க்காதே, இன்னும் 3 மணி நேரம் விடு. பாட்டுக் கேட்டுக்கொண்டே செய்கிற வேலை இது. பொறுமை இல்லாத நாளுக்குத் தோல் நீக்கி உடைத்த மஞ்சள் பருப்பாகவே கிடைக்கும், வாங்கிக்கொள்.

பிதுக்கின பருப்பைக் குக்கரில் போடாதே. ஒரு விசிலுக்கும் அடுத்த விசிலுக்கும் நடுவிலேயே குழைந்துவிடும். கனமான பாத்திரத்தில் பருப்புக்கு மேல் இரண்டு விரல்கடை தண்ணீர் நிற்கும்படி ஊற்றி, கொதி வந்ததும் எழும்புகிற நுரையைக் கரண்டியால் அள்ளி எறி. பிறகு தீயைக் குறைத்து, மூடியைச் சாய்த்து வைத்து 25 முதல் 40 நிமிஷம் வேகவிடு. கிளறாதே, உடைந்துவிடும், பாத்திரத்தைப் பிடித்துக் குலுக்கு. தண்ணீர் குறைந்தால் வெந்நீர் சேர்.

தோலோடு சமைப்பதானால் மட்டும் குக்கர். பாதிக்கு மேல் நிரப்பாதே. 1 தேக்கரண்டி எண்ணெய் விடு; நுரை பொங்கி வால்வை அடைக்காமல் இருக்கும். முதல் விசிலுக்குப் பிறகு சிறுதீயில் 20 நிமிஷம், ஆவி தானாக அடங்கட்டும். குக்கர் இல்லாமல் என்றால் ஒன்றரை மணி நேரம், பழசு இரண்டு மணி நேரம்கூடக் கேட்கும்.

வெந்ததா என்று ஒரே ஒரு மணியை எடுத்துப் பார்த்து முடிவு கட்டாதே. 5 மணியை வெவ்வேறு இடத்திலிருந்து எடு. அஞ்சும் நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவே நசுங்கவேண்டும். அதற்குப் பிறகுதான் புளிப்பு எதுவாக இருந்தாலும், எலுமிச்சையோ தக்காளியோ. முன்னாலேயே போட்டால் பருப்பு இறுகி நின்றுவிடும், அப்புறம் லேசில் இளகாது. நீ போன தடவை தக்காளியை ஆரம்பத்திலேயே போட்டதாக எழுதியிருந்தாயே, அதுவும் ஒரு காரணம்.

தாளிப்புக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். 3 மேசைக்கரண்டி எண்ணெயில் 4 பல் பூண்டு நசுக்கிப் போட்டு, பொன்னிறம் வரும் முன்பே 1 தேக்கரண்டி சீரகம், மிளகுத்தூள். கரண்டியின் பின்புறத்தால் பருப்பில் பாதியை மட்டும் மசித்துக் கலந்தால் குழம்பு மாதிரி சேர்ந்து வரும். உப்பை ருசி பார்த்துச் சேர், ஊறலிலேயே கொஞ்சம் ஏறியிருக்கும். கடைசியில் எலுமிச்சை.

பொரித்துத் தின்ன ஆசைப்பட்டால் ஊறினதைத் துணியில் ஒற்றி, ஒரு மணி நேரமாவது உலரவிடு. தோலோடு பொரிப்பதானால் ஒவ்வொன்றிலும் கீறல் கட்டாயம். இல்லாவிட்டால் உள்ளே ஆவி சேர்ந்து வெடித்து எண்ணெய் முகத்தில் அடிக்கும்.

மிஞ்சினதை ஃபிரிஜ்ஜில் 3 நாள் வைக்கலாம். ஆறினால் கெட்டியாகும், சுடவைக்கும்போது அரை டம்ளர் வெந்நீர் விடு. நிறையச் செய்தால் வெந்த தண்ணீரோடு சேர்த்தே ஃபிரீசரில் வை, தண்ணீர் இல்லாமல் வைத்தால் பருப்பு வறண்டுபோகும். பொட்டலத்தில் மீதி இருக்கிற காய்ந்ததையும் 4 நாள் ஃபிரீசரில் போட்டு எடு, வண்டு முட்டை இருந்தால் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பிரிக்காதே. அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரித்து, ஈரமில்லாத டப்பாவில் கொட்டி மூடு.

இப்படிக்கு,
அப்பா