கண்டி அரசனைச் சுருக்கும்போது

ஆசிரியர் அவர்களுக்கு,

கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கதையை விடிய விடிய ஆடும் 'கண்டி அரசன்' கூத்தை ஒன்றரை மணி நேரமாக்கி அண்மையில் கொழும்பு மண்டபம் ஒன்றில் மேடையேற்றினார்கள். சுருக்கியது சரி, இரவு முழுக்க இருக்க இங்கே யாருக்கு முடியும்? ஆனால் எதை வெட்டினார்கள் என்பதுதான் மனதை வருத்துகிறது.

அரசனின் அமைச்சர் எகலப்பொலவின் மனைவி, தன் பிள்ளைகளின் தலைகளை இடிக்கும்படி அரசன் விதித்த தண்டனையால், உரலுக்கு முன்னால் நிற்கிறாள். மத்தளம் ஓய்ந்து, அவள் குரல் மட்டும் கேட்க வேண்டிய இடம் அது. பதிவு செய்த வயலின் இசையைப் போட்டுக் குரலை மூடிவிட்டார்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு சிறுமி, "அம்மா, அவவுக்கு ஏன் இந்தத் தண்டனை?" என்று கேட்டாள். தாயால் சொல்ல முடியவில்லை. 1814இல் எகலப்பொல கிளர்ச்சி செய்து ஆங்கிலேயரிடம் போன கதையையே எடுத்துவிட்டார்களே!

அரசனையும் வெறும் கொடியவனாக விட்டுவிட்டார்கள். 1815இல் பிடிபட்டு, வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தவன் அவன். அவனை அடைத்து வைத்ததாகச் சொல்லும் சிற்றறை நம் கொழும்புக் கோட்டைப் பகுதியிலேயே இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலில் அதைக் காட்டுங்கள், அப்புறம் நாடகத்துக்கு அழைத்து வாருங்கள். அடுத்த முறை கூத்தைப் பழக்கி நடத்தும் ஓர் அண்ணாவியாரையும் மத்தளத்தோடு மேடையில் இருத்துங்கள்.

வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை