பெரியவளின் காருக்கு இன்ஷூரன்ஸ்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் மூத்த மகள் பெரியவள் லேர்னர் லைசென்ஸ் எடுத்துவிட்டாள் என்ற வரியை வீட்டில் சத்தமாகவே வாசித்துக் காட்டினேன். அந்தக் குட்டியா கார் ஓட்டப் போகிறது என்று இவளுக்கு நம்பிக்கையே வரவில்லை. இங்கே எல்லாரும் சுகம். பையன் வேலைக்குப் போய்வருகிறான், என் முழங்கால் மட்டும் படி ஏறும்போது முணுமுணுக்கிறது, அதை விடு.

நீ கேட்டதற்கு வருகிறேன். அவளுக்கென்று ஒரு பழைய கார் வாங்கி, பாலிசியில் உன்னை முக்கிய ஓட்டுநராகவும் அவளைக் கூடுதல் ஓட்டுநராகவும் காட்டினால் பிரீமியம் நன்றாகக் குறைகிறது, ஏஜென்டும் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்கிறார், செய்யலாமா என்று கேட்டிருக்கிறாய். செய்யாதே. கார் உன்னுடையதாக இருந்து, பெரும்பாலும் நீயே ஓட்டி, அவள் அவ்வப்போது பழகுகிறாள் என்றால் அவள் பெயரைக் கூடுதலாகச் சேர்ப்பது முழுக்க முறையானது. ஆனால் தினமும் ஓட்டப்போவது அவள், தாளில் மட்டும் நீ என்றால் அது பொய்த் தகவல். பிரீமியம் கட்டும்போது யாரும் கேட்க மாட்டார்கள், விபத்து நடந்து கிளெய்ம் போடும்போதுதான் கார் இரவில் எங்கே நிற்கிறது, காலையில் யார் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். அப்போது பாலிசியே செல்லாது என்று சொல்லிவிட்டால் இத்தனை நாள் மிச்சம் பிடித்தது எந்த மூலைக்குக் காணும்? ஒரு கம்பெனி பாலிசியை ரத்து செய்தால் அடுத்த கம்பெனி விண்ணப்பத்தில் அதையும் கேட்கும், அந்தக் கறை இந்தச் சின்ன வயதில் அவளுக்கு எதற்கு?

கார் பழசு, விலையும் கம்மி, பிறகு ஏன் இவ்வளவு கேட்கிறார்கள் என்று புலம்பியிருந்தாய். கம்பெனிக்குப் பயம் உன் கார் நசுங்குவது பற்றி இல்லை, அது போய் இடிக்கும் ஆளைப் பற்றி. ஒருவருக்குப் பலத்த காயம் என்றால் சிகிச்சை, இழந்த சம்பளம், நஷ்டஈடு என்று அது வருடக்கணக்கில் இழுக்கும், அதன் முன்னால் காரின் விலை ஒன்றுமே இல்லை. புதிதாக ஓட்டும் இளவயதுக்காரர்கள் விபத்தில் சிக்குவது அதிகம் என்பதால் அந்தச் செலவை அந்தக் கூட்டம் முழுவதன் மேலும் பரப்பிப் போடுகிறார்கள். நம் பெண் நிதானமானவள் என்பது உனக்கும் எனக்கும் தெரியும், கம்பெனிக்குத் தெரியாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழகும் காலத்தில் பக்கத்தில் அனுபவமுள்ள ஆள் இருப்பதால் விபத்து குறைவு. டெஸ்ட் பாஸாகி தனியாக ஓட்டத் தொடங்கும் முதல் சில மாதங்கள்தான் மோசம், அதிலும் இரவு நேரமும் கார் நிறைய நண்பர்களும் சேர்ந்தால் இன்னும் மோசம். அதனால் சில இடங்களில் லேர்னராக இருக்கும்போது மலிவாக இருந்த பிரீமியம் பாஸான மறுநாளே எகிறிவிடும். இப்போது என்ன தொகை என்று மட்டும் கேட்காமல், பாஸான பிறகு என்ன ஆகும் என்றும் சேர்த்துக் கேள். லேர்னருக்கென்றே தரும் சில பாலிசிகள் டெஸ்ட்டில் பாஸான அந்த நிமிடமே முடிந்துவிடும். டெஸ்ட் முடிந்து சந்தோஷத்தில் அவளே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், வழியெல்லாம் இன்ஷூரன்ஸ் இல்லாமல் வந்ததாக அர்த்தம்.

என்னைக் கேட்டால் இப்போதைக்கு அவளுக்குக் கார் வாங்காதே. டிரைவிங் ஸ்கூல் காரில் பழகட்டும், அதற்கு அவர்கள் பாலிசி இருக்கும், லேர்னரையும் சேர்த்துத்தானா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள். மற்ற நேரம் உன் காரிலேயே பழகட்டும். சில நாடுகளில் அப்பா காரில் பழகும் பிள்ளைக்கென்று சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ தனி பாலிசி எடுக்கலாம், அவள் எங்காவது தட்டிவிட்டால் கிளெய்ம் அந்தப் பாலிசியில் போகும், கிளெய்ம் போடாமல் இருந்ததற்காக நீ இத்தனை வருடம் சேர்த்து வைத்த தள்ளுபடி, அதுதான் நோ கிளெய்ம் போனஸ், பிழைக்கும். உன் ஊரில் கிடைத்தால் அதுதான் முதல் வழி. எந்த வழியானாலும் பக்கத்தில் உட்காருபவருக்கு இத்தனை வயது, லைசென்ஸ் எடுத்து இத்தனை வருடம் என்று நிபந்தனை வைத்திருப்பார்கள். உன் தம்பியை அனுப்பும் முன் அதைப் பார்த்துக்கொள்.

பெண் என்பதால் குறைப்பார்களா என்று கேட்டிருந்தாய். அது நாட்டைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011இல் அவர்களுடைய நீதிமன்றம் ஆண், பெண் என்று பார்த்து பிரீமியம் போடக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லி, 2012 டிசம்பர் முதல் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. அதுவரை அங்கே பல நாடுகளில் இளம்பெண்களுக்குப் பையன்களைவிடக் குறைவாக இருந்தது!

எங்கள் பையன் பாஸான பிறகு நாங்கள் காரை முடிவு செய்யாமலே நாலைந்து மாடலுக்குக் கொட்டேஷன் வாங்கிப் பார்த்தோம். சின்ன எஞ்சின், உதிரிபாகம் எளிதில் கிடைக்கும் சாதாரண மாடல்தான் மலிவாக வந்தது. வாங்கிய பிறகு அலாய் வீல், சத்தம் போடும் சைலன்சர் என்று எதையும் மாட்ட விடாதே, மாட்டினால் கம்பெனிக்குச் சொல்லியாக வேண்டும், சொன்னால் காசு கூடும். அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டுமான தேர்டு பார்ட்டி பாலிசி எடுத்தால் மலிவு என்றும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே, சில இடங்களில் இளவயதுக்காரர்களுக்கு முழுக் காப்பீடே குறைவாக வருகிறது, இரண்டையும் கேட்டுப் பார்.

பையன், ஓட்டுவதைக் கவனிக்கும் பெட்டியைக் காரில் வைக்கும் பாலிசியைத்தான் எடுத்தான். வேகம், திடீர் பிரேக், வளைவில் திருப்பும் விதம், எந்த நேரத்தில் ஓட்டுகிறான் என்று எல்லாம் பதிவாகும். உளவு பார்க்கிறார்கள் என்று முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான், புதுப்பிக்கும்போது தொகை இறங்கியதும் அந்தப் பேச்சே இல்லை. ஆனால் ஓட்டும் விதத்துக்கு அவர்கள் போடும் மதிப்பெண் குறைந்தால் பிரீமியம் ஏறுமா, ரத்தே செய்வார்களா என்று முன்பே கேட்டுவிடு. பெட்டி இல்லாமல் போன் ஆப் என்றால் இன்னொரு தொல்லை, நண்பன் காரில் அவள் சும்மா உட்கார்ந்து போனாலும் சில சமயம் அவள் கணக்கில் ஏறும், அதைத் திருத்த வழி இருக்க வேண்டும்.

அப்புறம் விபத்தில் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை. அதைக் கூட்டிக் காட்டினால் பிரீமியம் குறையும், அதில் மயங்காதே, இளவயதுக்காரர்களுக்கு அவர்களே தனியாக ஒரு தொகை போட்டிருப்பார்கள், இரண்டையும் கூட்டிப் பார்த்தால் சின்னக் கிளெய்முக்கு ஒன்றுமே கையில் வராது. மாதத் தவணை என்றால் பல இடங்களில் வட்டியும் சேரும், முடிந்தால் மொத்தமாகக் கட்டு.

கையெழுத்துப் போடும் முன் கொட்டேஷனை போட்டோ எடுத்து அனுப்பு, பொடி எழுத்துள்ள பக்கத்தையும் சேர்த்து. அந்த ஏஜென்டிடம் அவர் சொன்ன யோசனையை எழுத்தில் தரச் சொல்லிப் பார், என்ன சொல்கிறார் என்று எனக்கும் எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி