பெரியப்பாவுக்கு ஒரு போன் போடு

தாராபுரம்
நவம்பர் 18

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மழை பரவாயில்லை, கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது. தென்னையில் வெள்ளை ஈ இன்னும் விட்டபாடில்லை, கீழ் மட்டையெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி. கொஞ்ச நாளாகக் கோயிலுக்கு வராமல் வீட்டிலிருந்தே ஜெபித்துக்கொள்கிறாள். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நீ கூப்பிட்டபோது எடுக்க முடிந்தது. அதற்கு முந்தின ஞாயிறும் அதே நேரத்துக்குத்தான் கூப்பிட்டாயாம். ஹைதராபாத்தில் ஆராதனை காலையிலேயே முடிந்துவிடுமோ என்னவோ. பெரிய ஊர்களில் அப்படி வைக்கிறார்கள். செகந்திராபாத்தில் தமிழ் ஆராதனை நடக்கிற சபை இருக்கிறது என்று ஆயர் சொன்னார். வேறு எதற்கோ பேச்சு வந்தது, அதில் சொன்னார்.

எனக்கு உன் போன் வருவதில்லை. வேலை அதிகமாக இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

பெரியப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகிவிட்டது. நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். யார் யார் விசாரித்தார்கள் என்று பெரியம்மாவிடம் கணக்குக் கேட்கிறாராம். உன் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் கேட்கிறாராம். ஒரு போன் போடு.

ஆகஸ்ட் மாதத்து வாலிபர் கூட்டத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை. பேச வந்தவர் திரையில் படம் போட்டார், நோவாவின் பேழைக்குள் டைனோசர் ஏறியது, நீ எழுந்து கேள்வி கேட்டாய். கேட்டதில் தப்பில்லை. கேட்கத்தானே படிக்கவைத்தது. ஆனால் அதற்குப் பெரியப்பா எழுந்து பதில் சொன்னபோது சிரித்தாய் பார், அதுதான். அத்தனை பேர் முன்னால். உன்னைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ் வந்த மனுஷன் அவர். பேசப்போவதில்லை என்று சொல்லிவிட்டுப் பேசுகிறேன். சரி, விடு.

நீ போனபின் அப்பாருடைய இங்கிலீஷ் பைபிளைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். அட்டை போய்விட்டது, பாதிக்குமேல் ராமபாணப் பூச்சி துளைத்திருக்கிறது. ஆனால் ஆதியாகமம் முதல் பக்கம் அப்படியே இருக்கிறது. நடுப்பத்தியில், கண்ணாடி போட்டாலும் தெரியாத பொடி எழுத்தில், கி.மு. 4004 என்று அச்சிட்டிருக்கிறது. நானும் பெரியப்பாவும் அதைப் பார்த்துத்தான் உலகத்துக்கு ஆறாயிரம் வயசு என்று கற்றுக்கொண்டோம். வசனத்தோடு ஒட்டி அச்சில் நின்றால் அதுவும் வசனம் என்றுதானே பிள்ளைகள் நினைக்கும். மோசே எழுதியதில் அந்த எண் கிடையாது. அயர்லாந்தில் பேராயராக இருந்த ஜேம்ஸ் அஷர் 1650-ல் வெளியிட்ட கணக்கு அது. 5-ஆம் அதிகாரத்திலும் 11-ஆம் அதிகாரத்திலும் உள்ள வம்ச வரலாற்று வயசுகளைக் கூட்டி, ராஜாக்களின் காலத்தோடு சேர்த்து, அக்டோபர் 23 என்று தேதி வரைக்கும் போய்விட்டார். 1701 முதல் இங்கிலீஷ் பைபிள்களின் ஓரத்தில் அந்த ஆண்டுகளை அச்சடிக்க ஆரம்பித்தார்கள். அவர் முட்டாள் இல்லை, அந்தக் காலத்துப் பெரிய படிப்பாளி. ஆனால் இதே வம்ச வரலாற்றை வைத்து யூதர்கள் போட்ட கணக்கு கி.மு. 3761-ல் நிற்கிறது. கிரேக்க மொழிப் பழைய ஏற்பாட்டில் பல பேருடைய வயசில் நூறு நூறு வருஷம் கூடுதலாக இருப்பதால், கான்ஸ்டாண்டிநோபிளில் இருந்த கிரேக்கக் கிறிஸ்தவர்களுக்கு கி.மு. 5509 வந்தது. ஒரே வேதம், மூன்று கணக்கு.

இதைப் பெரியப்பாவிடமே சொன்னேன். மத்தேயு முதல் அதிகாரத்தையும் காட்டினேன். ‘யோராம் உசியாவைப் பெற்றான்’ என்று இருக்கிறது, ஆனால் ராஜாக்களின் புத்தகத்தைப் பார்த்தால் நடுவில் மூன்று ராஜாக்கள். அப்படியானால் வம்ச வரலாறு வருஷத்தைக் கூட்டுவதற்கென்று எழுதியது இல்லையே என்றேன். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக வாசலில் வந்து நின்றார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “யாத்திராகமம் இருபது, பதினொன்று. கர்த்தர் ஆறுநாளைக்குள்ளே வானத்தையும் பூமியையும்... என்ன சொல்றே?” என்றார்.

அவரை லேசாக நினைக்காதே, கண்ணு. அவர் பயப்படுவது வேறு. ஆதாம் என்று ஒரு மனுஷன் இல்லையென்றால், ரோமர் 5-ல் ஒரே மனுஷனாலே பாவம் வந்தது என்று பவுல் எழுதியது என்ன ஆகும், அது சாய்ந்தால் சிலுவை எதில் நிற்கும் என்பதுதான் அவர் கேள்வி. அதற்கு என்னிடமும் முழுப் பதில் இல்லை. நீயும் சிரிப்பில் தள்ளிவிட்டுப் போகக்கூடாது.

நாமக்கல் பக்கத்து உன் சித்தம்பூண்டிப் பாறையையும் அவரிடம் சொன்னேன். தண்ணீர் கேன் தூக்கிக்கொண்டு நான் உன் பின்னால் வந்தேனே, அந்த வெயிலில். வெள்ளைப் பாறையில் ஒரு துண்டை உடைத்து, என் தோள்துண்டை வாங்கித் துடைத்து, நாக்கால் நனைத்து லென்ஸில் பார்த்தாய். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆத்தா ‘ஏனுங்க, புள்ளைக்குச் சோறு போடலியா’ என்று கேட்டது. இஸ்ரோ சோதனைக்கு நிலாமண் மாதிரி செய்வதற்கு இந்தப் பக்கத்துக் கல்லைத்தான் கொண்டுபோனது என்று டீக்கடையில் நான் சொல்லாத ஆள் இல்லை. என் மகள் அதைத்தான் படிக்கிறாள் என்றும் சேர்த்துச் சொல்வேன். அந்தப் பாறைக்கு வயசு 250 கோடி வருஷம் என்று நீ சொன்னாய். பாறைக்குள் இருக்கும் ஜிர்கான் என்ற தாதுமணி உருவாகும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தைச் சேர்க்காது. அந்த யுரேனியம் 238-இல் பாதி ஈயமாக மாற 447 கோடி வருஷம் ஆகும். ஆகவே உள்ளே மிச்சமிருக்கும் யுரேனியத்துக்கு எவ்வளவு ஈயம் இருக்கிறதோ அதுதான் வயசுக் கணக்கு. ரிட்டயர்டு சயன்ஸ் வாத்தியாருக்கு இது புரியும். பெரியப்பாவுக்கும் புரிந்தது. புரிந்துகொண்டுதான் கேட்டார்: “ஆதாமைக் குழந்தையாவா படைச்சார்? ஆளாத்தானே படைச்சார்? கல்லையும் வயசோடவே படைச்சிருக்கலாமே?”

நீயாக இருந்தால் மறுபடியும் சிரித்திருப்பாய். பிலிப் காஸ் என்ற பக்தியுள்ள உயிரியல்காரர் இங்கிலாந்தில் 1857-லேயே இதைப் புத்தகமாக எழுதினார். அவருடைய நண்பர் சார்லஸ் கிங்ஸ்லி, அவரும் ஒரு குருவானவர், இதை ஏற்கவில்லை. கடவுள் பாறையில் இவ்வளவு பெரிய பொய்யை எழுதிவைப்பார் என்று என்னால் நம்ப முடியாது என்று பதில் எழுதினாராம். பெரியப்பாவிடம் அதைச் சொன்னேன். “யார் அவன்” என்றார். ஆயர் என்றேன். “இங்கிலீஷ் ஆயரா” என்று விட்டுவிட்டார்.

அம்மிணி, நான் சொல்ல வருவது இதுதான். நீயும் பெரியப்பாவும் சண்டை போடுகிற மாதிரி, ஒரு பக்கம் வேதம் மறுபக்கம் கல் என்று எப்போதும் இருந்ததில்லை. ஆதியாகமத்தில் சூரியன் நாலாம் நாள்தான் வருகிறது, அதற்கு முன் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி என்று அகஸ்டின் என்ற பழைய சபைப் பிதா ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்பே கேட்டுவிட்டார். விசுவாசி ஒருவன் வானத்தையும் பூமியையும் பற்றி உளறினால் வெளியே இருக்கிறவன் வேதத்தையே சிரிப்பான் என்று எச்சரித்தவரும் அவர்தான். அதே அகஸ்டின் உலகத்துக்கு ஆறாயிரம் வருஷம்கூட ஆகவில்லை என்றும் நம்பினார், அதையும் மறைக்க வேண்டாம். 1925-ல் அமெரிக்காவில் பள்ளிக்கூடத்தில் பரிணாமம் சொல்லிக்கொடுத்த வழக்கில் வேதத்தின் பக்கம் நின்று வாதாடிய பிரையனே, அந்த ஆறு நாள் இருபத்துநாலு மணி நேர நாளாக இருக்கவேண்டியதில்லை என்று கூண்டில் சொன்னார். ஆறாயிரம் வருஷம், எல்லாப் பாறை அடுக்கும் ஜலப்பிரளயத்தில் வந்தது என்கிற பேச்சு இவ்வளவு பரவியது, 1961-ல் விட்கம் என்ற வேத பண்டிதரும் மாரிஸ் என்ற நீரியல் என்ஜினியரும் சேர்ந்து ஒரு புத்தகம் எழுதிய பிறகுதான். பெரியப்பாவைவிட இளையது அது! இதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே.

அப்புறம் பெருவெடிப்பை முதலில் சொன்ன லெமைத்ரே கத்தோலிக்கக் குருவானவர். காலையில் பூசை வைத்துவிட்டு கணக்குப் போட உட்கார்ந்தவர். கல்லின் வயசு தெரிந்துவிட்டது என்பதற்காக யாரும் எதையும் விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. நீ விட்டாய் என்று நான் சொல்லவில்லை. பொதுவாகச் சொல்கிறேன்.

யோபு 38-ஐ ஒரு தடவை வாசி. ‘நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்?’ அதை நான் பெரியப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான்.

உன் கட்டுரை அச்சில் வந்ததை அம்மாதான் சொன்னாள். எனக்கு ஏன் அனுப்பவில்லை? அனுப்பு. புரியாத இடத்தில் கேட்டுக்கொள்வேன். பக்கத்து வீட்டு மாமா கோயமுத்தூருக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார், அவர் மகனுக்குப் பெண் பார்க்கிறார்கள், அதெல்லாம் அம்மா சொல்லியிருப்பாள்.

கேரல் ரவுண்ட்ஸுக்கு டிசம்பர் 20-இல் ஆரம்பிக்கிறார்கள். பாட்டில் ஆல்டோ குரலுக்கு ஆள் இல்லை, டீச்சரம்மா ஒருவரே இழுத்துக்கொண்டிருக்கிறார். பாட்டுக்குத்தான் கூப்பிடுகிறார்கள், வேறு யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். சபரி எக்ஸ்பிரஸில் ஈரோட்டுக்கு டிக்கெட் போடு, நான் வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். வரமுடியாது என்றால் இப்போதே சொல்லிவிடு, அம்மா ஒப்புட்டுக்குப் பருப்பு வாங்கி வைத்திருக்கிறாள்.

பெரியப்பாவுக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குமேல் போன் போடு. பகலில் சொட்டு மருந்து போட்டுப் படுத்திருப்பார். கண்ணைப் பற்றி மட்டும் கேள். மற்றதை அவரே ஆரம்பிப்பார், அப்போது கொஞ்சம் கேட்டுக்கொள்.

அன்புள்ள
அப்பா