கடலூர் துறைமுகமும் முந்திரி இறக்குமதியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். கடலூர் துறைமுக மேம்பாடு குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். ஆழப்படுத்துவதையும் தளம் கட்டுவதையும் விரிவாகப் பேசும் அச்செய்தியில், சிறு வணிகருக்கு இன்றியமையாத சுங்கப் பரிசோதனை, கிடங்கு ஆகியவை பற்றி ஒரு வரிகூட இல்லை. உள்ளூர் விளைச்சலை மட்டும் நம்பி ஆண்டு முழுவதும் இயங்க முடியாத பண்ருட்டி வட்டார முந்திரி ஆலைகள், ஐவரி கோஸ்ட், பெனின் போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கொட்டையைத் தூத்துக்குடி வழியாகத் தருவிக்கின்றன. 2018 மத்திய பட்ஜெட்டில் கொட்டைக்கான இறக்குமதி வரி 5 விழுக்காட்டிலிருந்து 2.5 ஆகக் குறைந்தது பெரிய உதவிதான். ஆனால் அந்தச் சலுகையைக் காத்திருப்புச் செலவு விழுங்கிவிடுகிறது.

சென்ற மழைக்காலத்தில், சான்றிதழில் இருந்த ஓர் எழுத்துப் பிழைக்காக எங்கள் சரக்கு துறைமுகத்திலேயே தேங்கியது. தாமதக் கட்டணம் செலுத்தி எடுத்துவந்து, மூட்டையைப் பிரித்துக் கொட்டையை வெட்டிப் பார்த்தபோது, பருப்பு கறுத்துப் பூஞ்சை பிடித்திருந்தது. வங்கிக் கடனில் வாங்கிய சரக்கு அது. கொட்டை உடைக்கும் பெண்களுக்கும் அந்த வாரங்களில் கூலி இல்லை. எனவே, தமிழ்நாடு கடல்சார் வாரியம் சுங்கத் துறையுடன் கலந்து பேசி, கடலூரிலேயே ஆவணங்களைச் சரிபார்க்கும் அலுவலகத்தையும், ஈரம் அண்டாத கிடங்கையும், தரச் சோதனைக் கூடத்தையும் துறைமுகப் பணிகளோடு சேர்த்தே அமைக்க வேண்டும்.

– முந்திரி ஆலை உரிமையாளர், பண்ருட்டி