கதவைத் தட்டிப் பழகட்டும்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து வந்து ஓராண்டு உங்களோடு தங்கி, கைச்செலவுப் பணத்துக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஓ பேர் (au pair) பெண் அடுத்த மாதம் வந்துவிடுவாள் என்று எழுதியிருக்கிறாய், மகிழ்ச்சி. ஆனால் அவள் அறைத் திரைச்சீலையின் நிறத்துக்கே ஒரு பக்கத்தைச் செலவழித்திருக்கிறாயே! கட்டில், மேசை, அலமாரி, உள்ளிருந்து தாழிடக்கூடிய கதவு, இவை போதும். அந்தக் கதவைத் தட்டாமல் திறக்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு இப்போதே பழக்கு. அறை காலியாக இருக்கும்போதே தட்டிப் பழகட்டும்.

"வேலைக்கு ஆள் வைக்கிறீர்களா?" என்று உன் மாமியார் கேட்டதைச் சிரித்துத் தள்ளிவிடாதே, நியாயமான கேள்விதான். விருந்தாளி என்று நினைத்தால் அவளிடம் எதைக் கேட்கவும் கூச்சமாக இருக்கும். வேலையாள் என்று நினைத்தால் எல்லாவற்றையும் கேட்கத் தோன்றும். ஐரோப்பியக் கவுன்சில் 1969-இல் ஸ்ட்ராஸ்பூரில் கொண்டுவந்த ஒப்பந்தம், ஓ பேராக வருபவர்கள் மாணவர்களும் அல்லர், தொழிலாளர்களும் அல்லர், இரண்டின் இயல்பும் கொண்ட தனிப் பிரிவினர் என்கிறது. பொதுவாக நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வாரத்தில் ஒரு முழு நாளாவது ஓய்வு, மொழி வகுப்புக்குப் போக நேரம் என்பதும் அதில் உண்டு. நாட்டுக்கு நாடு விதி மாறும். ஜெர்மனியில் வாரத்துக்கு 30 மணி நேரம்தான். அமெரிக்காவில் 45 வரை போகலாம், ஆனால் ஒரே நாளில் 10-ஐத் தாண்டக் கூடாது. உங்கள் நாட்டு விதியை மாமியாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டி வை.

மணிக்கணக்கு மீறப்படுவது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் அல்ல. "குளித்துவிட்டு வருகிறேன், கொஞ்சம் பார்த்துக்கொள்" என்பதில்தான் அது தொடங்கும். அவள் வரவேற்பறையில் உட்கார்ந்து புத்தகம் படிப்பாள். அவளுடைய வேலை நேரம் முடிந்துவிட்டது என்பது நமக்குத் தோன்றவே தோன்றாது. வாராந்தர அட்டவணையை முன்கூட்டியே கொடு. முடிகிற நேரத்தை அதில் தெளிவாக எழுது. முடிந்தபின் சின்னவனை நீ கையில் வாங்கிக்கொள்.

நீ வீட்டிலிருந்தே வேலை செய்பவள் என்பதால் இன்னொன்று. பக்கத்து அறையில் அம்மா இருப்பது தெரிந்தால் எந்தக் குழந்தையும் புதியவள் சொல்வதைக் கேட்காது. அவள் "இல்லை" என்றதும் உன் கதவுக்கு ஓடி வரும். நீ "சரி, இந்த ஒரு தடவை" என்று சொன்னால் அவளுடைய ஆண்டு முழுவதும் அன்றே முடிந்துபோகும். அவள் பொறுப்பில் இருக்கும் நேரத்தில் அவள் சொல்வதுதான் முடிவு. உனக்கு உடன்பாடில்லை என்றால் பிள்ளைகள் தூங்கியபின் பேசு. இதை உன் கணவரும் ஏற்க வேண்டும். அவர்தான் முதலில் இளகுவார், எனக்குத் தெரியும்.

வீட்டு விதிகளை எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னாய். உங்கள் வீட்டில் உண்மையில் என்ன நடக்கிறதோ அதை எழுது. நடக்க வேண்டும் என்று நீ ஆசைப்படுவதை எழுதாதே. "டிவி அரை மணி நேரம்" என்று தாளில் இருக்கும், நடப்பில் மாலை முழுவதும் ஓடும். அவள் தாளை நம்பி அணைப்பாள், பிள்ளைகளுக்கு வில்லியாவாள். ஒவ்வாமை, மருந்தின் அளவு, அவசர எண்கள், பள்ளியிலிருந்து யார் அழைத்து வரலாம் என்பவை முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். பிள்ளைகளின் படத்தை இணையத்தில் போடலாமா கூடாதா என்பதும் வேண்டும். வீட்டுக்குள் கேமரா இருந்தால் அவள் வருவதற்கு முன்பே சொல்லிவிடு. அவள் அறையில் அது இருக்கவே கூடாது. கைச்செலவுப் பணத்தை அவள் கேட்கும்வரை வைத்திருக்காமல் குறித்த தேதியில் கொடு. பாஸ்போர்ட் அவளிடமே இருக்கட்டும், "பத்திரமாக வைக்கிறேன்" என்றுகூட வாங்காதே.

முதல் வாரம் விடுப்பு எடுக்க முடியுமா? பிள்ளைகளோடு அவளைத் தனியே விடாமல், பள்ளிக்கும் பூங்காவுக்கும் கூடவே போ. காரைக் கொடுப்பதாக இருந்தால் காப்பீட்டில் அவள் பெயரைச் சேர்த்துவிட்டு, நீ பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டச் சொல்லிப் பார். புதுமை தீர்ந்ததும் ஊர் ஏக்கம் வரக்கூடும். அப்போது ஆறுதல் சொல்வதைவிட, அவள் வயதுக்காரர்கள் கூடும் மொழி வகுப்பில் முன்பே சேர்த்துவிட்டிருப்பது பயன்படும்.

நீ கேட்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். ஒருநாள் சின்னவன் விழுந்து எழுந்து உன்னைத் தாண்டி அவளிடம் ஓடுவான். சுருக்கென்று இருக்கும், எனக்கு இருந்தது. அன்று அவளிடம் குறை தேடத் தோன்றும். அலமாரிக் கதவைச் சரியாக மூடவில்லை என்பதுகூடக் கண்ணில் படும். அந்த மாலை எதுவும் பேசாதே, மறுநாள் பேசலாம்.

அவள் ஓராண்டில் திரும்பிவிடுவாள் என்பதைப் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடு. எங்கள் பெரியவள் இன்னும் எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த ஓ பேர் பெண்ணுடன் வீடியோவில் பேசுகிறாள். நான் எட்டிப் பார்த்தால் இருவரும் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்! மற்றபடி இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது.

அட்டவணையை எழுதி முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. சனிக்கிழமை மாலைகளை அவளுக்கு விட்டிருக்கிறாயா என்று நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி