அக்காவுக்கு: அந்த ரேடியோவை வெளியே எடு

அன்புள்ள அக்கா,

"சிற்றலையில் (ஷார்ட்வேவில்) இன்னும் கேட்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?" என்று போனில் கேட்டாய். இருக்கிறது. மறுபடி கேட்கத் தொடங்கியவன் என்ற முறையில் உறுதியாகவே சொல்கிறேன். விட்டுவிட்டுத் திரும்ப நினைக்கிறவர்கள் உன்னைப்போல் நிறையப் பேர் இருப்பதால், எல்லோரும் படிக்கும் கடிதமாகவே எழுதுகிறேன்.

போனவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சுவிஸ் ரேடியோ இன்டர்நேஷனல் 2004-ல் போனது. ரேடியோ நெதர்லாந்தும் ரேடியோ கனடா இன்டர்நேஷனலும் 2012-ல் சிற்றலையை விட்டன. 2017 ஜனவரி முடிவில் ரேடியோ ஆஸ்திரேலியா. அதே ஆண்டில் பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பும் நின்றது. இந்தப் பட்டியல் எனக்கும் வலிக்கிறது. ஆனால் பிபிசி உலக சேவை, சீனா, ருமேனியா, துருக்கி, ஜப்பான், கொரியா, நியூசிலாந்து, கியூபா எல்லாம் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன. 2022-ல் உக்ரைனில் போர் தொடங்கியதும் பிபிசி அந்தப் பக்கத்துக்குத் தினமும் 4 மணி நேரம் சிற்றலையில் புதிதாக ஒலிபரப்பியது. இணையத்தையும் உள்ளூர்க் கோபுரங்களையும் முடக்கிவிட முடியும். பல நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வானத்தில் பட்டு இறங்கும் அலையை அவ்வளவு எளிதில் முடக்க முடியாது.

உண்மையில் பெரிதாக மாறியிருப்பது நம் வீடு. ரேடியோவைப் போட்டதும் "உர்ர்ர்" என்ற இரைச்சல் மட்டும் கேட்டால், நிலையங்களே இல்லை என்று முடிவுகட்டிவிடாதே. பலர் அந்த இடத்தில்தான் திரும்பப் போய்விடுகிறார்கள். போன் சார்ஜர், எல்இடி பல்பு, டிவி, ரூட்டர், சோலார் இன்வெர்ட்டர் எல்லாவற்றுக்குள்ளும் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்பும் சுற்று இருக்கிறது. அதன் மடங்குகள் அடுக்கடுக்காக ஏறிச் சிற்றலை வரைக்கும் வந்துவிடுகின்றன.

அதனால் ரேடியோவைப் பேட்டரியில் ஓட்டு. 49 மீட்டர் பேண்டில், அதாவது 6 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில், நிலையம் இல்லாத ஓர் இடத்தில் வைத்துக்கொள். வீட்டின் மெயின் சுவிட்சை அணை. இரைச்சல் சட்டென்று விழுந்தால் குற்றவாளி வீட்டுக்குள்தான் இருக்கிறான். மெயினைப் போட்டு ஒவ்வொன்றாகச் செருகிப் பார். என் வீட்டில் ஒரு லேப்டாப் சார்ஜர் அகப்பட்டது. லேப்டாப்பே இல்லாமல் சுவரில் சும்மா தொங்கும்போதுகூட முழு 31 மீட்டர் பேண்டையும் மூடிக்கொண்டிருந்தது. ஏரியலை உள்ளே தள்ளிவிட்டு ரேடியோவைப் பொருள்களின் அருகே கொண்டுபோனால், அதுவே துப்பறியும் கருவி ஆகிவிடும்.

மெயினை அணைத்தும் இரைச்சல் குறையவில்லையா? அப்படியானால் அது பக்கத்து வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ வருகிறது. அதற்கு லூப் ஆன்டெனா நல்லது. சின்ன வளையத்துக்கு ஒரு திசையில் காது கேட்காது. மெல்லத் திருப்பி அந்தத் திசையை இரைச்சலின் பக்கம் வைத்துவிடலாம். இரைச்சல் தரையோடு கிடைமட்டமாக வரும். தூரத்து நிலையம் வானத்திலிருந்து சாய்வாக இறங்கும். அதனால் இரைச்சல் அமுங்கினாலும் நிலையம் பெரும்பாலும் தப்பிவிடும். இது முதன்முறை கைகூடியபோது நான் சத்தமாகவே சிரித்துவிட்டேன். வெளியே இடம் இருந்தால், கட்டடத்தை விட்டு விலக்கி 7, 8 மீட்டர் சாதாரண ஒயரை இழுத்துக் கட்டினாலும் போதும். புது ரேடியோவுக்குச் செலவு செய்யும் முன் இதையெல்லாம் செய்து பார். எவ்வளவு விலைகொடுத்து வாங்கிய ரேடியோவாக இருந்தாலும் சார்ஜர் இரைச்சலை நிலையமாக மாற்றித் தராது.

நேரமும் உன் பக்கம் இருக்கிறது. சூரியனின் சுமார் 11 ஆண்டுச் சுழற்சியில் 25-வது, 2019 டிசம்பரில் தொடங்கியது. அது உச்சக் கட்டத்தை எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் நாசா அறிவித்தது. சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும்போது, உயரே சிற்றலையைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலம் அடர்த்தியாகி 15, 17 மெகாஹெர்ட்ஸ் பேண்டுகள் பகலில் நன்றாகத் திறக்கும். உச்சம் தணியத் தணிய அவை மெல்ல மங்கும். தாமதிக்காதே என்று நான் அவசரப்படுத்துவது இதனால்தான். அயனி மண்டலத்தில் பகலில் கீழ் அலைவரிசைகளை விழுங்கும் டி அடுக்கு இரவில் கலைந்துவிடும், அப்போது 6, 7, 9 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போக வேண்டும் என்பதெல்லாம் உனக்கே தெரியும். விரல்கள் மறந்திருந்தாலும் தானாக நினைவு வந்துவிடும். ஒருநாள் பட்டப்பகலில் எல்லா நிலையமும் ஒரேயடியாகக் காணாமல் போனால் ரேடியோவைப் பிரித்துவிடாதே. பெரிய சூரிய வெடிப்பு நடந்தால் பகல் பக்கம் முழுவதும் சிற்றலை கொஞ்ச நேரம் இருண்டுவிடும்.

இப்போது எனக்குச் செய்தியைவிட வானத்தைக் கேட்பதில்தான் ஆசை அதிகம். அதற்கு நான் தினமும் போகும் இடம் 10 மெகாஹெர்ட்ஸ். கொலராடோவின் டபிள்யூடபிள்யூவி, ஹவாயின் டபிள்யூடபிள்யூவிஹெச், சீனாவின் பிபிஎம் என்று, துல்லியமான நேரத்தை ஒலிபரப்பும் மூன்று நேரக்குறி நிலையங்கள் அதே புள்ளியில் துடிக்கின்றன. நிமிடம் பிறக்கச் சுமார் 15 விநாடி இருக்கும்போது ஒரு பெண் குரல் நேரம் சொன்னால் அது ஹவாய். 7, 8 விநாடி இருக்கும்போது ஆண் குரல் என்றால் கொலராடோ. எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்பதைக் கொண்டே அந்த நேரத்தில் எந்தப் பக்கத்து வழி திறந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

மற்றவை சுருக்கமாக. பழைய ரேடியோவில் பேட்டரி கசிந்திருக்கிறதா பார், கம்பிமுனைகளைத் துடை. ஹாம்களையும், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிக்கொள்கிறவர்களையும், கேட்க வேண்டுமென்றால் அவர்கள் பேசும் முறையான எஸ்எஸ்பியைப் புரியவைக்கும் வசதி வேண்டும். டெக்சன் பிஎல்-330 போன்ற கையடக்க ரேடியோவிலேயே அது இருக்கிறது. நிகழ்ச்சி அட்டவணைகள் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் மாறும். அவற்றைத் தொகுத்துத் தரும் ஐபி (EiBi) பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ட்வென்டே பல்கலைக்கழகத்தின் வெப்எஸ்டிஆர் என்ற இணைய ரேடியோ ரிசீவர் வழியாக நெதர்லாந்தில் இருக்கும் ஆன்டெனாவை நம் திரையிலேயே கேட்கலாம். ஒரு நிலையம் உண்மையில் ஒலிபரப்பில் இருக்கிறதா என்று சரிபார்க்க மட்டும் நான் அதைத் திறக்கிறேன். நம் ஒயரில் வந்து விழுவதில் கிடைக்கும் மகிழ்ச்சி எனக்கு அதில் கிடைக்கவில்லை.

அப்புறம், புது நோட்டு ஒன்று போடு. 10 மெகாஹெர்ட்ஸில் காலை, மதியம், இரவு என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு வா. நேரத்தை யூடிசியிலேயே (உலகப் பொது நேரத்திலேயே) எழுது. நானும் அதே நேரங்களில் கேட்டு எழுதுகிறேன். நாம் வேறு வேறு ஊர்களில் இருக்கிறோம், ஒரே சிக்னல் உனக்குக் கேட்டு எனக்குக் கேட்காமல் போகும் நேரங்கள் இருக்கும். முதலில் அவற்றை எடுத்துவைத்துக்கொண்டு பேசுவோம்.

அன்புடன்,
தம்பி